டாக்டரம்மா பதில்கள்: முதல் போஸ்டிங்

கேள்வி: அரசுப் பள்ளியில் படித்து, 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டில் சீட் கிடைத்து டாக்டரானவள் நான். ஹவுஸ் சர்ஜன் முடித்துவிட்டேன். உதவி மருத்துவர் தேர்வு எழுதி அரசு வேலைக்குப் போக ஆசை. கூடப் படித்தவர்களோ, 'ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய் உட்கார்ந்தால் படித்ததெல்லாம் மறந்துபோகும், சளிக்கு மாத்திரை எழுதியே காலம் போய்விடும்' என்கிறார்கள். இரவு டியூட்டியை நினைத்து அம்மாவும் பயப்படுகிறார். என்ன செய்யட்டும்?
– பெயர் வேண்டாம் என்ற வாசகி, உசிலம்பட்டி வட்டாரம்

பதில்: என் மகள் வயதுதான் உனக்கு, அதனால் ஒருமையிலேயே எழுதுகிறேன். போ அம்மா, தயங்காதே.

மறந்துபோகும் என்று சொல்பவர்கள் சின்ன ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி தனியாக இருந்து பார்த்திருக்க மாட்டார்கள். மதுரை பெரியாஸ்பத்திரியில் உனக்கு மேலே பி.ஜி., அவருக்கு மேலே உதவிப் பேராசிரியர், அவருக்கும் மேலே சீஃப் என்று கேட்க ஆள் உண்டு. சுகாதார நிலையத்தில் நீ, ஒரு ஸ்டாஃப் நர்ஸ், மருந்து வைத்த ஒரு ஃபிரிட்ஜ், அவ்வளவுதான். படித்தது முழுக்க அங்கேதான் வேலைக்கு வரும்.

1998-ல் நடந்ததைச் சொல்கிறேன். மதுரைக்கு மேற்கே ஒரு சுகாதார நிலையம், ஊர்ப் பெயர் வேண்டாம். மல்லிகைத் தோட்டத்தில் பூப்பறிக்கப் போன பெண்ணைக் காலை ஐந்து மணிக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மொட்டாகப் பறித்துச் சந்தைக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதால் நம் பக்கத்தில் விடியுமுன்பே தோட்டத்தில் இறங்கிவிடுவார்கள், உனக்குத் தெரியாததா. புறங்காலில் இரண்டு பல் தடம். கணுக்காலுக்கு மேலே வீக்கம் ஏறிக்கொண்டிருந்தது. அடித்த பாம்பைப் புருஷன் சாக்கில் போட்டு எடுத்து வந்திருந்தார்: கண்ணாடி விரியன். விஷமுறிவு மருந்து ஃபிரிட்ஜில் இருந்தது. எனக்குத்தான் கை வரவில்லை. மருந்து ஒவ்வாமல் என் கண் முன்னாலேயே மூச்சு நின்றுவிட்டால் என்ற பயம். 'பாம்புக்கடி, மேல்சிகிச்சைக்கு அனுப்பப்படுகிறார்' என்று ஒரு வரி எழுதி, வாடகை வேன் பிடித்துப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டேன். 108 எல்லாம் 2008-ல்தான் வந்தது. போய்ச் சேர ஒன்றரை மணி நேரம்.

மறுநாள் அங்கிருந்து ஒரு சீனியர் போன் செய்தார். திட்டவில்லை. "எப்போது கடித்தது, எப்போது உன்னிடம் வந்தார், ரத்தம் உறைந்ததா, மருந்து போட்டாயா? நாலும் சீட்டில் இல்லையே அம்மா" என்றார். அந்தப் பெண் பிழைத்துக்கொண்டார், ஆனால் சிறுநீரகம் பழுதாகி மூன்று வாரம் டயாலிசிஸ். முன்னமே மருந்து ஏறியிருந்தால் அது வந்திருக்காது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஏற்றியிருக்க வேண்டியவள் நான், அது மட்டும் உறுதி.

அதற்கப்புறம் மேசை இழுப்பறையில் நாலைந்து கண்ணாடிக் குழாய் எப்போதும் வைத்திருப்பேன். உலர்ந்த புதுக் குழாய் வேண்டும். பிளாஸ்டிக் உதவாது, சோப்புப் போட்டுக் கழுவியதும் உதவாது. இரண்டு மில்லி ரத்தம் எடுத்து ஊற்றி, 20 நிமிடம் அசைக்காமல் வைத்துவிட்டு, ஒரே ஒரு முறை சாய்த்துப் பார். தண்ணீர் மாதிரி ஓடினால் விஷம் ரத்தத்தில் வேலை செய்கிறது என்று அர்த்தம். லேப் வேண்டாம், கரண்ட் வேண்டாம், ஒரு கடிகாரம் போதும். கட்டுவிரியன் விஷம் நரம்பைத் தாக்கும், ரத்தம் உறைந்துவிடும், அங்கே கண் இமை சரிகிறதா என்று பார்க்க வேண்டும். விஷமுறிவு மருந்து குப்பியில் பொடியாக இருக்கும். 10 மில்லி தண்ணீர் விட்டபின் குலுக்காதே, நுரைத்துவிடும். உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து மெல்ல உருட்டு. மருந்து ஒவ்வாமல் போனால் போட வேண்டிய அட்ரினலினை முன்னாலேயே சிரிஞ்சில் ஏற்றிப் பக்கத்தில் வைத்துக்கொள், பாதி பயம் அதிலேயே போய்விடும். முதலில் 8 முதல் 10 குப்பி. எல்லாவற்றையும் நேரத்தோடு சீட்டில் எழுது. வண்டியில் ஏற்றியதும் அங்கே டியூட்டியில் இருப்பவருக்கு ஒரு போன் போடு. (மற்ற வாசகர்களுக்கு: கடிவாய்க்கு மேலே கயிறு போட்டு இறுக்காதீர்கள், பாம்பைத் தேடி நேரத்தைப் போக்காதீர்கள்.)

சின்ன ஆஸ்பத்திரி டாக்டரின் திறமை பெரும்பாலும் இந்த அனுப்புவதில்தான் இருக்கிறது. எப்போது அனுப்புவது, என்ன செய்துவிட்டு அனுப்புவது, யாரிடம் சொல்லி அனுப்புவது. சுகாதார நிலையம், தாலுகா ஆஸ்பத்திரி, மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி மூன்றும் வெவ்வேறு இயக்குநரகத்தின் கீழ் இருக்கின்றன. நோயாளிக்கு அதெல்லாம் ஒரே அரசாஸ்பத்திரிதான். நடுவில் இருக்கும் இடைவெளியை உன் சீட்டும் போனும்தான் மூட வேண்டும்.

மேற்படிப்பைப் பற்றிக் கவலை வேண்டாம். மாநில ஒதுக்கீட்டு முதுநிலை இடங்களில் பாதி, பணியில் இருப்பவர்களுக்கு. அப்படி ஒதுக்க மாநிலத்துக்கு உரிமை உண்டு என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

அம்மாவின் பயம் நியாயமானது, மழுப்ப மாட்டேன். ஒரு தாலுகா ஆஸ்பத்திரியில் டியூட்டி ரூம் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லாமல், எட்டு மாதம் நாற்காலியை முட்டுக் கொடுத்துப் படுத்திருக்கிறேன். வாயால் சொன்னவரை எதுவும் நடக்கவில்லை. எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கிய வாரம் தச்சர் வந்தார். நீ சேரும் முதல் நாளே பார்: தாழ்ப்பாள், வராண்டா விளக்கு, கழிப்பறைக்குப் போகும் வழி, காவலர் ராத்திரி முழுக்க இருக்கிறாரா. இல்லாததை அன்றைக்கே எழுத்தில் கொடு. அம்மாவையும் ஒரு நாள் கூட்டிப்போய்க் காட்டு.

கேள்வி: என் மருமகளுக்கு ஒன்பதாம் மாதம் பிரஷர் ஏறிவிட்டது. சுகாதார நிலையத்தில் இரண்டு பக்க இடுப்பிலும் ஊசியைப் போட்டு, தாலுகா ஆஸ்பத்திரிக்குத் தள்ளிவிட்டார்கள். அங்கே மயக்க மருத்துவர் இல்லை என்று பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே ஆபரேஷன் ஆகித் தாயும் பிள்ளையும் நலம். ஆனால் ஏன் இப்படி அலைக்கழிக்கிறார்கள்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், சோழவந்தான்

பதில்: ஐயா, இருவரும் நலம் என்று படித்ததில் சந்தோஷம். அந்த ஊசியைப் பற்றி மட்டும் உங்கள் கோபத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். அது மக்னீசியம் சல்பேட்டாகத்தான் இருக்கும், வழியில் வலிப்பு வராமல் காப்பதற்கு. 1998-ல் நான் செய்யத் தவறியதை அந்த டாக்டர் செய்திருக்கிறார். ஆபரேஷனுக்கு மயக்க மருத்துவர், ரத்தம், பச்சிளங்குழந்தை வார்டு எல்லாம் வேண்டும். சுகாதார நிலையத்தில் வைத்திருந்தால்தான் தப்பு.

நடுவில் ஒரு ஆஸ்பத்திரியில் இறங்கி ஏறினீர்களே, அந்தக் கோபம் சரியானது. புறப்படும் முன் ஒரு போன் போட்டிருந்தால் நேரே மதுரைக்கே போயிருக்கலாம். இனி வீட்டில் யாரையாவது அனுப்பும்போது, "அங்கே பேசிவிட்டீர்களா?" என்று கேளுங்கள். சீட்டையும் வண்டி ஏறுமுன் வாங்கிப் படித்துப் பாருங்கள். கொடுத்த மருந்தும் கொடுத்த நேரமும் அதில் இல்லையென்றால், எழுதித் தரச் சொல்லுங்கள். அரை நிமிட வேலைதான், கேட்டால் தருவார்கள்.