146,679 என்பது இறந்தோர் கணக்கா? இராயப்பு யோசேப்பு ஆண்டகை பற்றிக் கேள்வி பதில்

மன்னாரின் முன்னாள் ஆயர் இராயப்பு யோசேப்பு ஆண்டகை 2021 ஏப்ரல் 1ஆம் திகதி காலமானார். அவர் மறைந்தபோது எழுந்த கேள்விகளை இன்னும் கேட்கிறார்கள். மன்னார் மறைமாவட்டத்தில் நெடுங்காலம் மறையாசிரியராக இருந்தவன் நான். எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.

நெடுங்கேணித் தம்பி: நான் சைவக்காரன். ஒரு கத்தோலிக்க ஆயருக்காக எங்கள் பக்கத்திலும் ஏன் கறுப்புக்கொடி?

போர் முடிந்து இரண்டு வருடம்கூட ஆகாத நேரம், தம்பி. வாய் திறக்கவே சனம் பயந்தது. அப்போது, 2011 ஜனவரியில், அரசாங்கம் அமைத்த நல்லிணக்க ஆணைக்குழுவின் முன், வன்னியில் கணக்கில் வராத சனம் எங்கே என்று எழுத்தில் கணக்குக் கொடுத்துக் கேட்டவர் அவர். பிள்ளையைத் தேடிய தாய்க்கு அந்தத் துணிவுதான் பெரிதாகத் தெரிந்தது. அவர் எந்தக் கோயிலுக்குப் போகிறவர் என்று அவள் பார்க்கவில்லை.

கிளிநொச்சி அக்கா: அவர் எங்கள் ஆயர் இல்லையே?

உண்மை. 1981இல் உருவான மன்னார் மறைமாவட்டத்துக்குள் மன்னாரும் வவுனியாவும்தான் வரும். கிளிநொச்சியும் முல்லைத்தீவும் யாழ்ப்பாண மறைமாவட்டம். ஆனால் அவர் கேட்ட கணக்கு உங்கள் இரண்டு மாவட்டங்களின் கணக்கு, அக்கா.

வவுனியா மாணவி: 146,679 பேர் கொல்லப்பட்டதாக அவர் சொன்னார்தானே?

இல்லை. இதைப் பலர் பிழையாகச் சொல்கிறார்கள். 2008 ஒக்டோபர் தொடக்கத்தில் வன்னியில் 429,059 பேர் இருந்ததாகக் கச்சேரி, அதாவது மாவட்டச் செயலகப் பதிவு. 2009 ஜூலை 10 வரை அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தவர்கள் 282,380 பேர் என்பது ஐ.நா. கணக்கு. கழித்துப் பாருங்கள். மிச்சம் உள்ளவர்களுக்கு என்ன நடந்தது என்று விளக்கம் தாருங்கள் என்றார், அவ்வளவுதான். நிவாரணத்துக்காகக் கச்சேரிக் கணக்கைக் கூட்டிக் காட்டினார்கள் என்று வாதிடுவோர் உண்டு. சரி, அப்படியென்றால் எவ்வளவு கூட்டியது என்று அரசாங்கமே காட்டியிருக்கலாம். அவரைப் புலி ஆதரவாளர் என்று திட்டினார்கள், விசாரித்தார்கள். கேட்டதற்குப் பதில் மட்டும் வரவில்லை. நாமும் அந்த எண்ணை ஊதிப் பெருப்பிக்கக் கூடாது. அவர் கேட்டதே கனமான கேள்வி.

முசலிச் சகோதரர்: எங்கள் ஆட்களிடம் அந்தத் துக்கம் இல்லை. அது தவறா?

தவறென்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. 1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கு முஸ்லிம்களான உங்களை ஒட்டுமொத்தமாக வெளியேற்றினார்கள். போருக்குப் பிறகு நீங்கள் திரும்பி வந்தபோது காணியிலும் மீன்பிடித் துறையிலும் தகராறு வந்தது. ஆயர் தமிழர் பக்கம் சாய்ந்தார் என்பது உங்கள் மனக்குறை. அவரை மதிக்கிற நாங்கள் அதைக் காது கொடுத்துக் கேட்டது குறைவு. இருபது வருடம் புத்தளத்து முகாமில் கிடந்தவர்களுக்குத் தங்கள் ஊர் ஆயரிடமிருந்து எதிர்பார்ப்பு இருக்கும்தானே. அவரை நேசிக்கிறேன் என்பதற்காக இதை மறைத்துப் பேச மாட்டேன்.

மாங்குளத்திலிருந்து: இறந்தது வியாழன். அடக்கம் திங்கள். ஏன்?

அது பெரிய வியாழன். அன்றிலிருந்து உயிர்ப்பு ஞாயிறு முடியும்வரை அடக்கத் திருப்பலி ஒப்புக்கொடுப்பதில்லை. ஆகவே ஏப்ரல் 5, மன்னார் புனித செபஸ்தியார் பேராலயத்தில்.

வட்டக்கச்சி அம்மா: ஆயரும் போய்விட்டார். இனி யார் கேட்பது?

கிளிநொச்சி கந்தசாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20இல் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டுப் போராட்டத்தில் இருந்த அம்மாமார் யாரையும் பார்த்துக் காத்திருக்கவில்லை, அம்மா. நீங்களும் அவர்களோடு சேருங்கள். மகனைக் கடைசியாகக் கண்ட இடம், திகதி, கூட நின்றவர்கள், எல்லாவற்றையும் இப்போதே பேரப்பிள்ளையைக் கொண்டு எழுதி வையுங்கள். யாரிடம் கொடுத்தாலும் பிரதியைக் கொடுங்கள், மூலத்தை வீட்டில் வையுங்கள்.