இல்லாத ஏரியும் இருந்த ஏரியும் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

ஆண்டனி ஜென்கின்சன் 1562-ல் வெளியிட்ட ரஷ்யா–தார்த்தாரி (மத்திய ஆசியப் பகுதிக்கு ஐரோப்பியர் வைத்த பெயர்) வரைபடம் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். இரண்டு விஷயங்கள் உறுத்துகின்றன. பல நூறு ஆண்டுகளாக அந்தப் பாதையில் ஒட்டகம் ஓட்டியவர்கள் இருக்க, கடைசியாக வந்த ஓர் ஆங்கில வியாபாரிக்கு ஏன் இவ்வளவு பெருமை? மேலும், அந்த வரைபடத்தில் மத்திய ஆசியாவின் பெரிய ஏரியான ஆரல் கடலைக் காணோம். ஆனால் எங்குமே இல்லாத ஒரு பிரம்மாண்டமான ஏரி இருக்கிறது. இதை நீங்கள் சிலாகிப்பது எனக்குப் புரியவில்லை. ஒரு வணிகக் கம்பெனி தன் வழியை ஊரறிய அச்சிட்டது ஏன் என்பதையும், அந்த வரைபடத்தை எங்கே பார்க்கலாம் என்பதையும் சொல்ல முடியுமா?

இரா.

அன்புள்ள இரா.,

முதல் கேள்வியில் எனக்கு மறுப்பே இல்லை. ஜென்கின்சன் எந்த வழியையும் புதிதாகத் திறக்கவில்லை. 1558 ஏப்ரல் 23 அன்று மாஸ்கோவிலிருந்து கிளம்பி, வோல்கா நதியில் கசான், அஸ்திரகான் வழியாக இறங்கி, காஸ்பியன் கடலைத் தாண்டி மங்கிஷ்லாக் கரையை அடைகிறார். அங்கிருந்து அவர் ஒரு பயணி, அவ்வளவுதான். சுமார் ஆயிரம் ஒட்டகங்கள் கொண்ட ஒரு கேரவனில் அவருடைய சரக்கும் ஒரு பகுதி. ஓர் ஒட்டகச் சுமைக்கு மூன்று ரஷ்யத் தோல்கள், நான்கு மரத்தட்டுகள் என்று கூலி பேசியதை எழுதி வைத்திருக்கிறார். கரையில் இருந்தவர்கள் சொன்ன விலைதான் விலை. பேரம் பேச அவர் கையில் ஒன்றும் இருக்கவில்லை.

இன்றைய உஸ்பெகிஸ்தானில் இருக்கும் புகாராவுக்குப் போகும் வழியில் கொள்ளையர்கள் கேரவனை வழிமறிக்கிறார்கள். இருட்டும் வரை சண்டை நடக்கிறது. கூட்டத்தில் இருக்கும் காஃபிர்களை, அதாவது முஸ்லிம் அல்லாதவர்களை, ஒப்படைத்தால் மற்றவர்களை விட்டுவிடுகிறோம் என்று ஆள் அனுப்புகிறார்கள். கேரவன் தலைவர் முடியாது என்று சொல்லிவிடுகிறார். ஜென்கின்சன் உயிரோடு ஊர் திரும்பி வரைபடம் போட்டதற்குக் காரணம் அந்த மறுப்பு. அந்த மனிதரின் பெயர் வரைபடத்தில் இருந்திருக்க வேண்டும் என்று நானும் நினைக்கிறேன்.

இரண்டாவது கேள்விதான் எனக்கு முக்கியம். அந்தத் தப்பான ஏரியைச் சற்று நேரம் பார்த்தால், உங்கள் முதல் கேள்விக்கும் அதிலேயே பதில் இருக்கிறது.

ஜென்கின்சன் அக்டோபர் மாதம் பாலைவனத்தைக் கடந்து ஒரு நன்னீர்ப் பரப்பை அடைகிறார். இருபது நாள் ஊரையோ வீட்டையோ பார்க்காத பயணம் அது. சாப்பாடு தீர்ந்து, ஓர் ஒட்டகத்தையும் ஒரு குதிரையையும் அடித்துத் தின்றிருக்கிறார்கள். அந்த நீரைக் காஸ்பியனின் ஒரு கிளை என்று அவர் எடுத்துக்கொண்டார். அது சாரிகமிஷ் ஏரியாக இருக்க வேண்டும் என்பது பிற்கால ஆய்வாளர்களின் கணிப்பு. ஆமு தரியா ஆறு முன்பு இங்கே வந்து விழுந்தது, இப்போது விழுவதில்லை என்று குறித்துக்கொள்கிறார். அப்புறம் எழுதுவதுதான் அபாரம். ஆற்றிலிருந்து கால்வாய் வெட்டி வெட்டித் தண்ணீரை எடுத்துவிடுகிறார்கள், அதனால்தான் ஆறு பழைய இடத்துக்கு வந்து சேரவில்லை, இப்படியே போனால் தண்ணீர் இல்லாமல் இந்த நாடே பாழாகிவிடும் என்கிறார். பருத்திக்காக ஆமு தரியாவும் சிர் தரியாவும் திருப்பப்பட்டு ஆரல் கடல் வற்றத் தொடங்கியது 1960-களில். ஜென்கின்சன் எழுதியது அதற்கு 400 ஆண்டுகள் முன்னால். துணி விற்கப் போன ஒருவர் வாய்க்கால்களை இவ்வளவு கவனமாகப் பார்த்திருக்கிறார் என்பதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

சரி, அந்தத் தண்ணீர் எங்கே போகிறது? ஆர்டோக் என்ற ஆறாக வடக்கே ஓடி, மண்ணுக்குள் மறைந்து, ஐந்நூறு மைலுக்கு மேல் நிலத்தடியில் போய், மறுபடி வெளியே வந்து கிதாய் (சீனாவுக்கு அன்றைய பெயர்) ஏரியில் விழுகிறது என்று எழுதுகிறார். நீங்கள் சொல்லும் ‘இல்லாத ஏரி’ இதுதான். அந்த ஏரியிலிருந்து சைபீரியாவின் ஓப் நதி புறப்பட்டு வடக்குக் கடலுக்குப் போவதாக வரைபடம் காட்டுகிறது.

இது ஜென்கின்சனின் சொந்தக் கற்பனை இல்லை. ஆஸ்திரியத் தூதர் ஹெர்பர்ஸ்டைன் 1549-ல் வெளியிட்ட ரஷ்யப் புத்தகத்தின் வரைபடத்திலேயே ஓப் நதியின் தலையில் கிதாய் ஏரி இருக்கிறது. ஐரோப்பியர்களிடம் ஏற்கெனவே இருந்த ஏரி அது. என் வாசிப்பு இது: ஆறு இப்போது வடக்கே திரும்பி ஒரு ஏரியில் விழுகிறது என்று உள்ளூர்க்காரர்கள் அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். அது உண்மை. ஆமு தரியா ஆரலில்தான் விழுந்தது. வடக்கே ஓர் ஏரி என்று கேட்டதும், ஐரோப்பாவில் பார்த்திருந்த ஏரியை அவர் அதோடு ஒட்டவைத்துவிட்டார். ஆக, ஆரல் கடல் அந்த வரைபடத்தில் இல்லாமல் இல்லை, வேறொரு ஏரியின் பெயரில் இடம் மாறிக் கிடக்கிறது. தப்பு ஐரோப்பிய வரைபடத்திலிருந்து வந்தது. சரியான செய்தி ஒட்டகக்காரர்களிடமிருந்து வந்தது. அந்த வழியில் நடந்தவர்களுக்கு உரிய பெருமையை மறுக்க இந்த வரைபடத்தாலேயே முடியாது.

அவர் கால் பட்ட இடங்களில் நிலைமை வேறு. அட்சரேகைகளை அளந்து பட்டியல் போட்டிருக்கிறார். கசானுக்கு 55 பாகை 33 கலை (ஒரு பாகைக்கு 60 கலை), இன்றைய கணக்கில் 55 பாகை 47 கலை. புகாராவுக்கு 39 பாகை 10 கலை, இன்றைக்கு 39 பாகை 46 கலை. நூறு கிலோமீட்டர்கூடப் பிசகவில்லை. கிழக்கு மேற்காக அளக்க அன்று யாரிடமும் கருவி கிடையாது, நடந்த நாட்களை எண்ணித்தான் தூரம். அந்தத் திசையில்தான் எல்லாம் இழுபடுகிறது.

அச்சிட்டது ஏன் என்று கேட்டீர்கள். ஜென்கின்சனை அனுப்பிய ஆங்கில வணிக நிறுவனமான மஸ்கவி கம்பெனி 1555-ல்தான் சாசனம் பெற்றது. போர்ச்சுக்கீசியர்களின் கடலைத் தொடாமல் சீனாவை எட்ட வேண்டும் என்பது அதன் கனவு. ஜென்கின்சன் 1558 டிசம்பர் 23-ல் புகாராவை அடைந்தபோது அந்தக் கனவு அங்கேயே நின்றுவிட்டது. சீனாவுக்கு ஒன்பது மாத நடை, அதுவும் தாஷ்கண்ட், காஷ்கர் பக்கத்துப் போர்களால் மூன்று வருடமாக வழி அடைபட்டிருந்தது. கங்கைக்கரையிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்த வியாபாரிகளிடம் தன் கம்பளித் துணியைக் கொடுத்துப் பண்டமாற்று செய்யப் பார்த்தார். அவர்கள் வாங்க மாட்டோம் என்றார்கள். அவர்கள் கொண்டுவந்தது தலைப்பாகைக்கான மெல்லிய வெள்ளைப் பருத்தித் துணி. மசாலாப் பொருட்கள் ஏன் வரவில்லை என்று விசாரித்தால், எல்லாம் கடல் வழியாக, போர்ச்சுக்கீசியர் பிடியில் போகிறது என்று தெரிகிறது. எந்தக் கையிலிருந்து தப்பிக்க இவ்வளவு தூரம் நடந்தாரோ, அந்தக் கை பாலைவனத்தின் நடுவிலும் தட்டுப்படுகிறது.

இதையெல்லாம் ஒளிக்காமல் எழுதிக் கொடுத்தவர் அவர். இந்த வழியில் லாபம் இல்லை என்றான பிறகு மறைக்க வேண்டிய ரகசியம் பெரிதாக எதுவும் மிஞ்சவில்லை என்று நினைக்கிறேன். ஆனால் ஆங்கிலேயர் அங்கே போய் வந்தார்கள் என்று காட்ட வேண்டிய தேவை கம்பெனிக்கு இருந்தது. வரைபடம் லண்டனில் வெளியானபோது அவர் அங்கே இல்லை. பாரசீகத்தில் வேறொரு வழி கிடைக்குமா என்று பார்க்கப் போய்விட்டிருந்தார்.

1562-ஆம் ஆண்டின் பெரிய மூலப்படம் நெடுங்காலம் காணாமலே போயிருந்தது. 1980-களின் இறுதியில் போலந்தில் ஒரு பிரதி கிடைத்தது, இப்போது விராட்ஸ்வாவ் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. நீங்கள் தேட வேண்டியது வரைபடக்காரர் ஆர்டீலியஸ் தன் 1570-ஆம் ஆண்டு அட்லஸில் சேர்த்த சிறிய வடிவத்தை. பல நூலகங்கள் அதை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கின்றன. கூடாரங்களும் ஒட்டகங்களும் மரத்தில் தொங்கவிடப்பட்ட கிர்கிஸ் பிணங்களும் கண்ணை இழுக்கும். முதலில் காஸ்பியனைக் கண்டுபிடித்துவிட்டு, அதன் கிழக்குக் கரையிலிருந்து ஆறுகளை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே போங்கள். கிதாய் ஏரி தானாகவே வரும்.

அன்புடன்.