படியடியில் நிற்கும் பிள்ளைகள்

கேள்வி: 1996-இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, பாரிஸ் புறநகரான லா குர்னேவில் இருக்கிறோம். 17 வயது மகன் ‘லா ஹேன்’ என்ற பழைய பிரெஞ்சுப் படத்தைக் காட்டினான். யூதப் பெடியன், கறுப்பினப் பெடியன், அரபுப் பெடியன் மூவரும் போலீசோடு மல்லுக்கு நிற்கிற கதை. எங்கட ஆட்கள் ஒருவரும் அதில் இல்லை. இவனோ “இது எங்கட கதையம்மா” என்கிறான். இவன்ர கூட்டாளிகளும் அந்த மாதிரிப் பிள்ளைகள்தான். வீட்டுக்குள் விடுவதில்லை, படியடியில் நின்று கூப்பிடுவார்கள். கெட்டுப்போவானோ என்று பயமாக இருக்கிறது.
- பெயர் வேண்டாம்

பதில்: சகோதரி, இதே பயத்தோடு எத்தனையோ தாய்மார் எழுதிவிட்டார்கள். ‘பயப்படாதீர்கள்’ என்று எழுதி உங்களைத் தூங்கவைக்க எனக்கு மனமில்லை. போகிற போக்கில் ஒரு வரி எழுதினீர்களே, “வீட்டுக்குள் விடுவதில்லை” என்று, அதற்கு வாருங்கள்.

படத்தை மறுபடி பாருங்கள். யூதப் பையன் வின்ஸின் வீட்டுக்குள் கேமரா போகிறது, பாட்டி அவனைத் திட்டுகிறாள். கறுப்பினப் பையன் உபேரின் வீட்டுக்குள் போகிறது, சமையலறையில் அம்மாவிடம் காசு கொடுக்கிறான். அரபுப் பையன் சயீத்தின் வீட்டை மட்டும் கடைசிவரை நமக்குக் காட்டவே இல்லை. அவன் தாய் யார், என்ன சமைப்பாள், எதற்கு அழுவாள், ஒன்றும் தெரியாது. மூன்று இனத்துப் பிள்ளைகளைச் சரிசமமாக நடுவில் நிறுத்திய படம் என்று கொண்டாடினார்கள். 1995 கான் திரைப்பட விழாவில் மத்தியூ கசோவிட்ஸ் சிறந்த இயக்குநர் விருதும் வாங்கினார். அவரே ஒரு பிள்ளையைத் தெருவிலேயே விட்டுவிட்டார். பெண்களுக்கோ ஆளுக்கு ஓரிரு காட்சி, அவ்வளவுதான்.

அதையேதான் நீங்களும் செய்கிறீர்கள். வீடு வாசல் தெரியாத பிள்ளையைப் பற்றி எதை வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளலாம். துப்பாக்கியை வைத்துக்கொண்டு துள்ளுவது வின்ஸ். வெறுப்பு வெறுப்பைத்தான் இழுத்துவரும் என்று கடைசி நிமிடம்வரை தடுப்பவன் உபேர், நீங்கள் பயப்படுகிற அந்தக் கறுப்பினப் பெடியன்! இது உங்கள் கண்ணில் படவில்லையா?

எங்கட ஆட்கள் இல்லை என்கிறீர்கள். 1993-இல், நீங்கள் சாமான் வாங்கும் லாச்சப்பலை ஒட்டிய பாரிஸ் 18ஆம் வட்டாரத்தில், காவல் நிலையத்துக்குள் வைத்தே ஒரு கறுப்பினப் பையனைப் போலீஸ்காரர் சுட்டுக் கொன்றார். அந்தச் சாவிலிருந்துதான் இந்தப் படம் பிறந்தது. அவனுக்கும் 17 வயது. சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை நீட்டி நின்ற தலைமுறை நீங்கள். உங்கள் மகனுக்குப் புரிந்தது உங்களுக்குப் புரியவில்லை என்றால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

பிள்ளையின் கூட்டாளிக்கு ஒரு வாய் சோறு போடாத வீட்டை நான் மதிக்கமாட்டேன். மகனைக் காப்பது உங்கள் கடமைதான், மறுக்கவில்லை. ஆனால் அவன் யாரோடு திரிகிறான் என்று தெரிய வேண்டுமானால் அவர்கள் உங்கள் மேசையில் உட்கார வேண்டும். தாய் தகப்பன் என்ன வேலை, எத்தனை சகோதரங்கள் என்று கேளுங்கள். அந்தத் தாய்மாருக்குப் போன் எடுங்கள். உங்கள் மகனைப் பற்றி அவர்களுக்கும் இதே பயம் இருக்கலாம்.

வருகிற சனிக்கிழமையே கூப்பிடுங்கள். கோழிக்கறி வைப்பதென்றால் ஹலால் கடையில் வாங்குங்கள், உறைப்பைக் கொஞ்சம் குறையுங்கள்.