நிற்க வைத்தாலே விழுகிறதா? மனித உருவ ரோபோ: கேள்வி-பதில்

கே: அசையாமல் நிற்கும் ரோபோ ஒரு நிமிடத்துக்குள் சாய்ந்து விழுகிறது. எம்பியு-6050 என்ற அசைவு உணரும் சிப்பில், சுழற்சியை அளக்கும் கைரோவை மட்டும் பயன்படுத்துகிறேன்.

ப: கைரோ தருவது கோணம் அல்ல, கோணம் மாறும் வேகம். அதைக் கூட்டிக்கொண்டே போய்த்தான் சாய்வைக் கணக்கிடுகிறீர்கள். சும்மா இருக்கும்போதே அது நொடிக்கு 0.5 டிகிரி காட்டினால், ஒரு நிமிடத்தில் 30 டிகிரி பொய்ச் சாய்வு சேர்ந்துவிடும். நேராக நிற்கும் ரோபோ, இல்லாத சாய்வை நிமிர்த்தப் போய்க் குப்புற விழும்.

அதே சிப்பில் ஆக்சிலரோமீட்டரும் (முடுக்கத்தை அளக்கும் சென்சார்) இருக்கிறது. கீழ்த்திசை எது என்பதை அது மறக்காது. ஆனால் காலடி விழும்போதெல்லாம் குழம்பும். இரண்டையும் கலந்துவிடுங்கள்:

கோணம் = 0.98 × (பழைய கோணம் + கைரோ × இடைவெளி) + 0.02 × ஆக்சிலரோமீட்டர் கோணம்

இடைவெளி என்பது ஒரு கணக்குக்கும் அடுத்ததுக்கும் நடுவே உள்ள நேரம்; அது 10 மில்லி நொடி என்றால் எப்போதும் 10 மில்லி நொடியாகவே இருக்க வேண்டும். சோதனைக்காகத் திரையில் எண்களை அச்சிடும் ஒரு வரியே இதைக் கெடுத்துவிடும். பவர் போட்டதும் 2 நொடி தொடாமல் விட்டு, கைரோவின் சராசரியை எடுத்து, பிறகு வரும் ஒவ்வொரு கைரோ அளவிலிருந்தும் கழியுங்கள்.

கே: அதிர்வு தாங்காமல், அதை வடிகட்டும் சிப்பின் ஃபில்டரை 5 ஹெர்ட்ஸுக்கு இறக்கினேன். எண்கள் சீராகிவிட்டன, ரோபோதான் முன்னும் பின்னும் ஆடுகிறது.

ப: 5 ஹெர்ட்ஸில் செய்தி சுமார் 19 மில்லி நொடி தாமதமாக வரும். முன்னால் சாய்ந்த சேதி கிடைத்துச் சர்வோ (மூட்டைத் திருப்பும் மோட்டார்) திருப்புவதற்குள் உடல் வேறிடத்தில் இருக்கும். 44 ஹெர்ட்ஸுக்கு ஏற்றினால் தாமதம் 5 மில்லி நொடிதான். மிச்ச அதிர்வுக்கு, ஆடும் திருகுகளை முறுக்குங்கள். சிப்பைத் தலையில் வைக்காதீர்கள், இடுப்பில் வையுங்கள்.

கே: பாதத்தில் நான்கு மூலைகளிலும் அழுத்த சென்சார். அதை வைத்து என்ன செய்வது?

ப: எடை பாதத்தில் எங்கே இறங்குகிறது என்று பாருங்கள். நடுவிலிருந்து முன்னும் பின்னும் 7 செ.மீ. தள்ளி சென்சார்கள்; முன்னிரண்டும் சேர்ந்து 18 நியூட்டன், பின்னிரண்டும் 12 என்றால், (18−12)÷30×7 = 1.4 செ.மீ. முன்னால். இந்தப் புள்ளி பாத விளிம்பை நெருங்கினால் கணுக்காலைத் திருப்பிச் சமாளிக்க இனி முடியாது. அடி எடுத்து வைக்க வேண்டியதுதான்.

கே: எவ்வளவு தூரம் வைக்க?

ப: உடல் நகரும் வேகம் × √(எடைமையத்தின் உயரம் ÷ 9.81). உயரம் மீட்டரில்; 9.81 என்பது புவியீர்ப்பு முடுக்கம். எடைமையம் 90 செ.மீ. உயரத்தில் இருந்து, வேகம் நொடிக்கு 0.5 மீட்டர் என்றால், எடைமையத்துக்கு நேர் கீழிருந்து சுமார் 15 செ.மீ. முன்னால். குட்டி ரோபோ சுலபம் என்று நினைக்காதீர்கள். உயரம் குறையக் குறைய வேகமாக விழும்.

கே: கேமரா உதவுமா?

ப: நொடிக்கு 30 படம் என்றால் படத்துக்குப் படம் 33 மில்லி நொடி. அடுத்த படிக்கட்டைப் பார்க்க ஆகும், விழுவதைத் தடுக்க ஆகாது.