சாக்கின் எடையைக் கழித்துப் பாருங்கள்

அன்புள்ள அம்மா,

தரம் 8இல் படிக்கும் மகளைத் தேயிலைத் தோட்டப் பாடசாலையிலிருந்து விலக்கி, ஹட்டனில் ஒரு தேசிய பாடசாலையில் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தரம் 11 முடிவில் எழுதும் சாதாரண தரப் பரீட்சையில் இரண்டு பாடசாலைகளின் சித்தி வீதத்தையும் கொப்பித் தாளில் எழுதி, பெரிய எண்ணைச் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தீர்கள். அந்த வட்டத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தோட்டத்தின் நிறுவைக் கொட்டகையான மடுவத்தில் கொழுந்து நிறுக்கும்போது சாக்கின் எடையைக் கழிப்பார்கள். சித்தி வீதத்தில் யாரும் எதையும் கழிப்பதில்லை. தரம் 5 புலமைப்பரிசிலில் உயர்ந்த புள்ளி எடுத்த பிள்ளைகள் தரம் 6இல் தேசிய பாடசாலைக்குப் போகிறார்கள். ஆறு வருடம் கழித்து அவர்கள் சித்தியடைவதில் பாடசாலை கொடுத்தது எவ்வளவு, அவர்கள் கொண்டுவந்தது எவ்வளவு? புள்ளியியல் மாதிரிகள் இதைத்தான் பிரித்துப் பார்க்கின்றன. புலமைப்பரிசிலில் ஒரே அளவு புள்ளி எடுத்த பிள்ளைகள் இரண்டு பாடசாலைகளிலும் பின்னர் எங்கே நிற்கிறார்கள் என்று ஒப்பிடுகின்றன. குடும்பப் பின்னணியின் கனம் எவ்வளவு பெரியது என்பதை அமெரிக்கப் பாடசாலைகளை ஆராய்ந்த கோல்மன் அறிக்கை 1966இலேயே காட்டிவிட்டது.

இன்னொன்று, உங்கள் தோட்டப் பாடசாலையில் 24 பேர் பரீட்சை எழுதுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரே பிள்ளை தவறினால் வீதம் நான்கு சதவீதப் புள்ளிக்கு மேல் சரிந்துவிடும். 200 பேர் எழுதும் இடத்தில் அது அரைப் புள்ளிதான். ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால்கூடப் பாடசாலையின் பெயர் கெடும். அதனால்தான் நல்ல மாதிரிகள் சிறிய பாடசாலையின் ஒரு வருட எண்ணை அப்படியே ஏற்காமல், பொதுச் சராசரியை நோக்கிச் சற்று இழுத்துக் கணிக்கின்றன. நீங்களும் ஐந்து வருடப் பெறுபேறுகளைக் கேட்டு வாங்குங்கள்.

ஆனால் எந்த மாதிரியும் சொல்லாத ஒன்றைத் தோட்டப் பாடசாலை அதிபரிடம் நேரே கேளுங்கள்: கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா? இருந்தால், தரம் 11 வரை மகள் அங்கேயே படிக்கட்டும் என்பேன். விடியற்காலை பஸ்ஸில் தூங்கி வழியும் பிள்ளைக்குப் பெரிய பெயர்ப்பலகையால் என்ன பயன்? இல்லையென்றால் காத்திருக்க வேண்டாம், இப்போதே மாற்றுங்கள். உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவு, 1ஏபி என்று அரசு வகைப்படுத்தும் பாடசாலைகளில்தான் உண்டு. அவள் அதை விரும்பினால் தரம் 12இல் எப்படியும் மாற வேண்டியிருக்கும்.

அதிபர் சொல்லும் பதிலை அதே தாளின் பின்பக்கத்தில் எழுதி அனுப்புங்கள். மகளுக்கு என்ன படிக்க ஆசை என்பதை அவள் கையாலேயே அதில் எழுதச் சொல்லுங்கள்.