நாயகன் அறிந்ததும் ஆடுபவர் அறியாததும் – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

என் மகளின் வற்புறுத்தலால், ஐம்பத்திரண்டாவது வயதில், முதன்முறையாக ஓர் ஆர்பிஜியை, அதாவது கதைமாந்தர் ஒருவராக இருந்து ஆடும் திரை விளையாட்டை, தொடங்கினேன். எதையும் செய்யத் தொடங்கும் முன்பே மூன்று பேரரசுகள், இரண்டு பெரும்போர்கள், வாயில் நுழையாத பெயர்கொண்ட தெய்வங்கள் என்று திரையில் எழுத்தாக ஓடிக்கொண்டே இருந்தது. இருபது நிமிடத்தில் மூடிவிட்டேன். ஒரு நாவல் இப்படித் தொடங்கினால் நாம் பொறுத்துக்கொள்வோமா? மகளோ, “அதை யாரப்பா படிப்பார்கள், ஸ்கிப் செய்யுங்கள்” என்கிறாள். கதையையும் மனிதர்களையும் அறிமுகப்படுத்த இவ்விளையாட்டுகளுக்கு வேறு வழியே இல்லையா?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

நீங்கள் மூடிவைத்ததில் தவறில்லை. நானும் பல விளையாட்டுகளை அந்த இடத்திலேயே கைவிட்டிருக்கிறேன். ஆனால் நாவலோடு ஒப்பிடும்போது ஒரு வேறுபாட்டைக் கருத வேண்டும். நாவலின் நாயகனுக்குத் தன் ஊரும் உறவும் தெரியும், வாசகருக்குத் தெரியாது. அதனால் ஒன்றும் கெட்டுப்போவதில்லை, ஏனெனில் முடிவெடுப்பவன் அவன், வாசகர் உடன் செல்பவர் மட்டுமே. ஆர்பிஜியிலோ, தன் அரசன் யார், தன் பகைவன் யார் என்றெல்லாம் அறிந்த ஒருவனின் இடத்தில் நின்று, அவை எதையும் அறியாத நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்த இடைவெளியைக் கண்டு அஞ்சுகிற எழுத்தாளர்தான் முழு வரலாற்றையும் வாசலிலேயே கொட்டிவிடுகிறார். கூத்தில் துரியோதனன் திரைக்குப் பின்னிருந்து தன் பெருமையைத் தானே பாடிக்கொண்டு வரலாம், எதிரே அமர்ந்திருப்பவர்களுக்கு அவன் கதை முன்பே தெரியும். கேள்விப்படாத நாடுகளின் பெயர்களை அப்படி அடுக்கினால் அவை வெறும் ஓசையாகவே நிற்கும்.

1986இல் வெளிவந்த முதல் டிராகன் குவெஸ்ட் இதற்கு எளிய வழி ஒன்றைக் கண்டது. அரசன் பணியைச் சொல்லி முடித்ததும் நீங்கள் பூட்டிய அரசவைக்குள் நிற்கிறீர்கள். அங்குள்ள பெட்டிகளில் ஒன்றில் இருக்கும் சாவியை எடுத்துக் கதவைத் திறந்தால்தான் வெளியேற முடியும். பேசுவது, எடுப்பது, திறப்பது என்ற கட்டளைகள் அதற்குள் கைவந்துவிடுகின்றன. ஆனால் அங்கே நாயகன் என்று சொல்லத்தக்க மனிதன் எவனும் இல்லை.

மனிதனைக் காட்ட விரும்பியவர்கள் மறதியை, அதாவது தன் கடந்தகாலமே நினைவில்லாத நாயகனை, நாடினார்கள். தேய்ந்துபோன உத்தி என்று பலர் இதை இகழ்கிறார்கள். எனக்கு அது நேர்மையான வழியாகவே படுகிறது, ஏனெனில் நாயகனையும் ஆடுபவரையும் அது ஒரே அறியாமையில் நிறுத்துகிறது. 1999இல் வந்த பிளேன்ஸ்கேப்: டார்மென்ட்டில் நீங்கள் பிணவறையின் கல்மேடையில் கண்விழிக்கிறீர்கள். உங்கள் முதுகில் பச்சைகுத்தப்பட்டிருக்கும் குறிப்புகளை, அந்தரத்தில் மிதக்கும் ஒரு மண்டையோடு உங்களுக்குப் படித்துக் காட்டுகிறது. அந்த விளையாட்டிலும் எழுத்து மலைபோலக் குவிந்திருக்கிறது, ஆனால் அதில் பெரும்பகுதி நீங்கள் கேட்டதற்கான விடையாக வருகிறது. நீங்கள் சலித்தது எழுத்தின் அளவைக் கண்டு என்பதைவிட, கேட்காமலே வந்து விழுந்ததால் என்றே நினைக்கிறேன்.

மறதியின் மிக நுட்பமான பயன்பாட்டை நான் கண்டது 1994ஆம் ஆண்டின் ஃபைனல் ஃபேன்டஸி 6இல். பனிவெளியில் மூன்று இயந்திரக் கவசங்கள் ஒரு சுரங்க நகரை நோக்கி நடக்கின்றன. அவற்றில் இரண்டில் படைவீரர்கள் இருக்கிறார்கள், மூன்றாவதில் ஒரு பெண். அவள் வாய் திறப்பதில்லை; நம் வீரர்கள் ஐம்பது பேரை மூன்று நிமிடங்களில் எரித்தவள் இவள் என்று அவர்கள் அவளைப் பற்றித் தமக்குள் பேசிக்கொள்கிறார்கள். அவளது தலையில் இருக்கும் வளையம் அவள் விருப்பத்தைப் பறித்துவிட்டது. அவளை நகர்த்துவதும் தாக்கச் செய்வதும் யார்? உங்கள் விரல்கள். சொந்த விருப்பமற்ற ஒருத்தியை ஏவுகிறவர்களின் வரிசையில் நீங்களும் நின்றிருந்தீர்கள் என்பது, வளையம் நீங்கியபின் அவள் தன் பெயரை மட்டும் நினைவுகூரும்போதுதான் உறைக்கிறது. அந்தப் பெயரை மாற்றும் உரிமையும் அக்கணத்தில் உங்களுக்கே தரப்படுகிறது. தொலைக்காட்சியில் இணைத்து ஆடும் கன்சோல் விளையாட்டுகளில் இதற்கு ஈடான அறிமுகக் காட்சிகள் மிகச் சிலவே.

அடுத்த ஆண்டே, 1995இல், அதை உருவாக்கிய ஸ்கொயர் நிறுவனமே க்ரோனோ ட்ரிகர் என்ற விளையாட்டை வெளியிட்டது. தாய் எழுப்ப, இளைஞன் ஒருவன் படுக்கையிலிருந்து எழுந்து, நாட்டின் ஆயிரமாவது ஆண்டுத் திருவிழாவுக்குப் போகிறான்; தொடக்கம் அவ்வளவுதான். அங்கே ஒரு பெண்மீது மோதிக்கொள்கிறீர்கள், அவளுடைய பதக்கம் தெறித்து விழுகிறது. மேசைமேல் யாருடைய உணவோ இருக்கிறது, ஒரு சிறுமி தன் பூனையைத் தேடுகிறாள். இவ்வகை விளையாட்டுகளில் கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்துக்கொள்வது வழக்கமாதலால், நானும் யோசிக்காமல் அந்த உணவை உண்டேன். சில மணி நேரம் கழித்து, இளவரசியான அந்தப் பெண்ணைக் கடத்திய குற்றத்துக்காக நீங்கள் நீதிமன்றத்தில் நிறுத்தப்படும்போது, அந்த உணவும், அந்தப் பூனையும், விழுந்தவளை விசாரிக்கும் முன் பதக்கத்தை எடுத்தீர்களா என்பதும் சாட்சியமாக வந்து நிற்கின்றன. நாயகன் எத்தகையவன் என்று உங்களிடம் எவரும் சொல்லவில்லை. விளையாட்டுதான் உங்களைப் பார்த்து அதைக் குறித்துக்கொண்டிருந்தது. எழுதி ஓடும் முன்கதையைத் தாண்டிச் சென்றுவிடலாம், திருவிழாவில் நடந்துகொண்டதைத் தாண்ட வழியில்லை.

மீண்டும் முயல்வதானால் இதிலிருந்து தொடங்குங்கள்; கணினியிலும் கைபேசியிலும் கிடைக்கிறது. விசாரணையை நான் முன்கூட்டியே சொல்லிவிட்டதால் உங்களுக்கு அந்த அதிர்ச்சி இருக்காது, அதற்கு மன்னியுங்கள். உங்கள் மகளிடம் மட்டும் எதுவும் சொல்லாமல், அவரை முதலில் ஆடவிட்டு அருகில் அமர்ந்து பாருங்கள்.