உனக்குச் சரி, எனக்குத் தப்பா? – வாசகர் கேள்வி பதில்

மாறாத சத்தியம் என்று ஒன்று உண்டா, நன்மை தீமை ஆளுக்கு ஆள் மாறுமா என்பதைப் பற்றிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: "உண்மை என்று எதுவும் கிடையாது, உனக்கு உன் உண்மை, எனக்கு என் உண்மை" என்கிறாள் கல்லூரித் தோழி. "அப்படிச் சொல்வதும் ஓர் உண்மைதானே?" என்று திருப்பிக் கேட்டால் மடங்கிவிடுவாள் என்று வாலிபர் கூட்டத்தில் சொல்லித் தந்தார்கள். கேட்டேன். சிரித்துவிட்டுப் போய்விட்டாள். எங்கே தவறினேன்?

பதில்: அந்தக் கேள்வி ஓர் இடத்தில் வெட்டும், இன்னோர் இடத்தில் வெட்டாது. உங்களுக்குச் சொல்லித் தந்தவர்கள் இந்த வேறுபாட்டை விட்டுவிட்டார்கள்.

"எந்த உண்மையுமே இல்லை" என்று ஒருவர் சொன்னால் அந்த வாக்கியம் தன் காலைத் தானே வெட்டிக்கொள்கிறது. கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் "மனிதனே எல்லாவற்றுக்கும் அளவுகோல்" என்று கிரேக்கச் சிந்தனையாளர் புரோட்டகோரஸ் சொன்னதை எதிர்த்து, தத்துவஞானி பிளேட்டோ 'தியட்டீட்டஸ்' உரையாடலில் எடுத்த வாதம் இதுதான். அவரவருக்குத் தோன்றுவதே உண்மை என்றால், "புரோட்டகோரஸ் சொல்வது தவறு" என்று தோன்றுகிறவருக்கு அதுவும் உண்மையாகிவிடும்.

ஆனால் பெரும்பாலானோர் உண்மையில் சொல்ல வருவது இது அல்ல. "இரண்டும் இரண்டும் நாலு, அதில் சந்தேகமில்லை, சரி தப்பு மட்டும்தான் ஆளுக்கு ஆள் மாறும்" என்பதே அவர்கள் எண்ணம். இதில் தன்முரண்பாடு கிடையாது. 'இந்தப் பெட்டியில் உள்ளதெல்லாம் கள்ளக்காசு' என்று பெட்டியின் மேல் ஒட்டிய சீட்டு, தானும் கள்ளக்காசு ஆகிவிடாது அல்லவா? அப்படித்தான் இதுவும். இவர்களிடம் பழைய மடக்குக் கேள்வியைப் போட்டால், சொல்லாததைச் சொன்னதாகப் பிடிக்கிறீர்கள் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். சிரிப்புக்குக் காரணம் அதுதான்.

ஆகவே முதலில், "உண்மை என்பதே இல்லை என்கிறாயா, சரி தப்பு மட்டும் மாறும் என்கிறாயா?" என்று கேளுங்கள். இரண்டாவதுதான் என்றால் அடுத்து வரும் வாக்கியத்துக்காகக் காத்திருங்கள். பெரும்பாலும், "அதனால் யாரும் யாருடைய வாழ்க்கையையும் குறை சொல்லக் கூடாது" என்று வரும். பிடி அங்கேதான் இருக்கிறது. அந்தக் 'கூடாது' எல்லாருக்கும் பொருந்துமா, சொல்கிறவருக்கு மட்டுமா? எல்லாருக்கும் என்றால் மாறாத ஒழுக்கக் கட்டளை ஒன்றை அவர் ஏற்றுக்கொண்டார். அவருக்கு மட்டும் என்றால், குறை சொல்கிறவரைத் தடுக்க அவரிடம் காரணம் எதுவும் இல்லை.

விடைத்தாள் உதாரணம் ஒன்றையும் சொல்லிப் பாருங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் போட்ட மதிப்பெண்ணைக் கூட்டினால் 84 வருகிறது. முதல் பக்கத்தில் எண்கள் இடம் மாறி 48 என்று எழுதப்பட்டிருக்கிறது. இதுவரை இது தகவல் பிழை. கூட்டிக் காட்டினால் தீர்ந்தது. திருத்தியவர் கூட்டிப் பார்க்கிறார், 84 என்று அவருக்கும் தெரிகிறது, "மாற்ற மாட்டேன்" என்கிறார். இப்போது உங்கள் தோழி என்ன சொல்வாள்? "எனக்குப் பிடிக்கவில்லை" என்று நிறுத்திக்கொள்வாளா, "இது அநியாயம்" என்பாளா? அநியாயம் என்ற சொல்லுக்கு அவளையும் திருத்தியவரையும் சேர்த்து அளக்கிற ஓர் அளவுகோல் வேண்டும். இதைக் கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். அவள் யோசிக்கும்போது இடையில் புகுந்து பிரசங்கம் செய்தால் எல்லாம் வீணாகும்.

கேள்வி: நாட்டுக்கு நாடு, காலத்துக்குக் காலம் ஒழுக்கம் மாறுகிறதே. இது கண்ணால் காணும் உண்மை அல்லவா?

பதில்: மாறுகிறது என்பது உண்மை. ஆனால், மாறுவதால் சரியான விடையே இல்லை என்று ஆகாது. பூமியின் வடிவத்தைப் பற்றியும் மனிதர்கள் வேறு வேறாக நினைத்தார்கள். பூமிக்கு வடிவம் இல்லாமல் போகவில்லை.

இந்த வாதத்துக்குப் பழைய உதாரணம் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியது. பாரசீக அரசன் தரியு தன் அவையில் இருந்த, இறந்தோரை எரிக்கும் வழக்கமுள்ள கிரேக்கரிடம், "என்ன கொடுத்தால் இறந்த தகப்பனைத் தின்பீர்கள்?" என்று கேட்டான். எதற்காகவும் மாட்டோம் என்றார்கள். பெற்றோரின் உடலை உண்ணும் வழக்கமுள்ள கல்லாத்தியரை அழைத்து, "என்ன கொடுத்தால் தகப்பனை எரிப்பீர்கள்?" என்று கேட்டான். அப்படிப் பேசவே வேண்டாம் என்று அலறினார்கள். வழக்கமே எல்லாருக்கும் அரசன் என்று முடிக்கிறார் ஹெரோடோட்டஸ். ஆனால் இரண்டு தரப்பும் ஏன் அலறியது? இறந்த தகப்பனை அவமதிக்கக் கூடாது என்பதில் இருவருக்கும் ஒரே மனது. எது மரியாதை என்பதில்தான் பிரிகிறார்கள்.

எனவே யாராவது ஒரு வேறுபாட்டைக் காட்டினால், அது தகவலில் உள்ளதா, வழக்கத்தில் உள்ளதா, கொள்கையிலேயே உள்ளதா என்று பிரித்துப் பாருங்கள். பல வேறுபாடுகள் முதல் இரண்டில் அடங்கிவிடும். எல்லாம் அடங்கிவிடும் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். கொள்கையிலேயே மோதும் சமுதாயங்களும் இருந்திருக்கின்றன. அங்கே ஒரு தரப்பு தவறு என்று சொல்லத் துணிய வேண்டும். அது நம் தரப்பாகவும் இருக்கலாம்.

கேள்வி: கிறிஸ்தவர்களே ஒரு காலத்தில் வேதத்தைக் காட்டி அடிமை முறையை ஆதரித்தார்கள். பிறகு மாற்றிக்கொண்டார்கள். நீங்களும் சரி தப்பு ஆளுக்கும் காலத்துக்கும் ஏற்ப மாறும் என்கிற சார்புவாதிகள்தானே?

பதில்: ஆதரித்தார்கள் என்பது உண்மை. அதை மறைத்தோ மழுப்பியோ சத்தியத்துக்காக வாதாட முடியாது. முதலில் ஒத்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் 'மாற்றிக்கொண்டார்கள்' என்பதற்கும் 'திருந்தினார்கள்' என்பதற்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் அடிமை வியாபாரத்தை ஒழிக்க வில்லியம் வில்பர்ஃபோர்ஸ் கொண்டுவந்த தீர்மானம் 1791-ல் 163-க்கு 88 என்று தோற்றது. 1807-ல் அதே அவையில் அதே நோக்கமுள்ள மசோதா 283-க்கு 16 என்று வென்றது. சமுதாயம் எதைச் சரி என்கிறதோ அதுவே சரி என்றால், 1791-ல் அந்த 163 பேர் செய்தது நியாயம், வில்பர்ஃபோர்ஸ்தான் ஒழுக்கக்கேடர். வாக்கு எண்ணிக்கை மாறிய அன்று கப்பலின் அடித்தட்டில் சங்கிலியோடு கிடப்பது திடீரென்று தீமை ஆகியிருக்க வேண்டும். இதை யாரும் மனதார ஒப்ப மாட்டார்கள். சீர்திருத்தக்காரர் தன் காலத்தை எதிர்த்து நிற்கிறார் என்றால், தன் காலத்துக்கு மேலான ஒன்றின்மேல் நிற்கிறார்.

வேத வசனமும் புதிதாக முளைக்கவில்லை. மனிதனைத் திருடி விற்கிறவனுக்கு மரண தண்டனை என்று யாத்திராகமம் 21:16 சொல்கிறது. 1 தீமோத்தேயு 1:9-10 மனுஷரைத் திருடுகிறவர்களைக் கொலைபாதகர் வரும் அதே பட்டியலில் வைக்கிறது. 4-ஆம் நூற்றாண்டிலேயே நிசாவின் பேராயர் கிரகோரி, பிரசங்கி புத்தகத்தைப் பற்றிய தம் பிரசங்கத்தில், தேவசாயலான மனிதனுக்கு விலை போட யாரால் முடியும் என்று கேட்டார். அளவுகோல் இருந்தது, அளந்தவர்கள் கை கோணலாக இருந்தது.

இதோடு சேர்த்துப் பலர், இரண்டாம் உலகப்போருக்குப் பின் நாசித் தலைவர்கள்மேல் நடந்த நியூரம்பர்க் விசாரணையையும் (1945–46) சொல்வார்கள். மேலிடத்து உத்தரவு என்பதால் ஒருவர் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது, தண்டனையைக் குறைக்க வேண்டுமானால் அதைக் கருதலாம் என்று அந்த நீதிமன்றத்தின் சாசனம் 8-ஆம் பிரிவில் வைத்தது. நல்ல உதாரணம்தான். ஆனால் இது சார்புவாதம் பொய் என்று நிரூபிக்கவில்லை. அதை ஏற்றால் எதையெல்லாம் கைவிட வேண்டும் என்று காட்டுகிறது. அவ்வளவுக்கு மட்டும் பயன்படுத்துங்கள்.

கேள்வி: "நியாயந்தீர்க்காதிருங்கள்" என்று இயேசுவே சொல்லவில்லையா?

பதில்: மத்தேயு 7:1-ஓடு நிறுத்தாமல் 5-ஆம் வசனம் வரை வாசியுங்கள். உன் கண்ணில் உள்ள உத்திரத்தை முதலில் எடு, பிறகு சகோதரன் கண்ணில் உள்ள துரும்பை எடுக்க வகைபார்ப்பாய் என்கிறார். துரும்பு இல்லை என்று சொல்லவில்லை. "தோற்றத்தின்படி தீர்ப்புசெய்யாமல், நீதியின்படி தீர்ப்புசெய்யுங்கள்" (யோவான் 7:24) என்பதும் அவர் வாக்கே.

கேள்வி: எபிரெய ஆண்குழந்தைகளைக் கொல்லச் சொன்ன எகிப்தின் பார்வோனிடம் உண்மையை மறைத்து, அவர்களைக் காப்பாற்றிய மருத்துவச்சிகளுக்குத் தேவன் நன்மை செய்தார். "பொய்மையும் வாய்மை இடத்த" என்று குறளும் சொல்கிறது. பிறகு எப்படி 'மாறாத' சத்தியம்?

பதில்: வந்ததிலேயே கனமான கேள்வி இது. சபைக்குள்ளேயே இதற்கு ஒரே பதில் இருந்ததில்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை.

பழங்காலச் சபையின் பெரிய போதகர் அகுஸ்தீன் பொய்யைப் பற்றி இரண்டு தனி நூல்கள் எழுதினார். எந்தப் பொய்யும் பாவமே. மருத்துவச்சிகள் இரக்கத்துக்காகப் பலன் பெற்றார்கள், பொய்க்காக அல்ல என்பது அவர் முடிவு. வேறு சிலர், இரண்டு கடமைகள் மோதும்போது பெரியதைச் செய்கிறவர் குற்றவாளி அல்ல என்றார்கள். கொலை செய்யத் தேடுகிறவனுக்கு உண்மையைக் கேட்கும் உரிமையே இல்லை என்றவர்களும் உண்டு. எங்கள் மனது இரண்டாவதன் பக்கம் சாய்கிறது. யாத்திராகமம் 1:17 அவர்கள் "தேவனுக்குப் பயந்ததினால்" பிள்ளைகளைக் காப்பாற்றினார்கள் என்று காரணத்தை எடுத்துச் சொல்கிறது. குற்றமில்லாத உயிரைக் கொலைகாரன் கையில் கொடுப்பதுதான் அங்கே பெரிய மீறுதலாக இருந்திருக்கும்.

ஆனால் கவனியுங்கள், மூன்று பதில்களில் எதுவும் சார்புவாதம் அல்ல. "மருத்துவச்சிகளான சிப்பிராளுக்கும் பூவாளுக்கும் அது சரியாகப் பட்டது, ஆகவே சரி" என்று ஒருவரும் சொல்லவில்லை. சூழ்நிலையைக் கணக்கில் எடுப்பது வேறு, சூழ்நிலையே சரி தப்பைப் படைக்கிறது என்பது வேறு. ஒரே மருந்தைக் குழந்தையின் எடைக்கு ஓர் அளவும் பெரியவருக்கு வேறு அளவும் கொடுக்கிறார் மருத்துவர். நோய் தீர வேண்டும் என்பது இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

குறளிலும் முழு அடியைப் பாருங்கள்: "புரைதீர்ந்த நன்மை பயக்கும் எனின்." குற்றமற்ற நன்மை எது என்று அளக்க முடியாவிட்டால் அந்த நிபந்தனைக்குப் பொருளே இல்லை. அதற்கு அடுத்த குறளே, நெஞ்சறிந்து பொய் சொன்னால் அந்த நெஞ்சே சுடும் என்கிறது.

எல்லாவற்றையும் மாறாத சத்தியம் ஆக்குவதும் தவறுதான். உணவையும் விசேஷ நாட்களையும் பற்றி ரோமர் 14 அவரவர் மனதில் நிச்சயம் கொள்ள விடுகிறது. உடை, இசை, ஆராதனை நேரம் இவற்றையெல்லாம் பத்துக் கட்டளையோடு ஒரே தட்டில் வைக்கிற சபையில் வளரும் பிள்ளை, பின்னாளில் ஒன்றைத் தள்ளும்போது எல்லாவற்றையும் சேர்த்துத் தள்ளிவிடுகிறது.

கேள்வி: கடவுளை நம்பாதவர்களும் நல்லவர்களாக இருக்கிறார்களே?

பதில்: இருக்கிறார்கள், நம்மில் பலரைவிட நல்லவர்களாகவும். நாத்திகர் ஒழுக்கமாக வாழ முடியாது என்று யாராவது பேசினால் திருத்துங்கள். நியாயப்பிரமாணம் இல்லாதவர்களின் இருதயத்திலும் அதன் கிரியை எழுதப்பட்டிருக்கிறது என்று ரோமர் 2:15 சொல்கிறது. ஒருவர் நன்மையை அறிகிறாரா என்பது ஒரு கேள்வி. நன்மை எல்லாரையும் ஏன் கட்டுப்படுத்துகிறது என்பது வேறு கேள்வி. நம் வாதம் இரண்டாவதைப் பற்றியது.

இங்கே விவரம் தெரிந்தவர், "தேவன் சொன்னதால் அது நன்மையா, நன்மை என்பதால் தேவன் சொன்னாரா?" என்று கேட்பார். பிளேட்டோவின் உரையாடல் ஒன்றில் சாக்ரட்டீஸ் யூத்திஃப்ரோ என்பவரிடம் கேட்ட கேள்வியின் சாயல் இது. முதலாவது என்றால் கொடுமையையும் அவர் நன்மை ஆக்கியிருக்கலாம்; இரண்டாவது என்றால் அவருக்கு மேல் ஒரு சட்டம் இருக்கும். நன்மை தேவனுடைய சுபாவமே என்பது கிறிஸ்தவப் பதில். கட்டளை அந்தச் சுபாவத்திலிருந்து பிறக்கிறது. "அவர் தம்மைத்தாம் மறுதலிக்கமாட்டார்" (2 தீமோத்தேயு 2:13) என்பதன் கனம் இங்கேதான் தெரியும்.

கேள்வி: பிலாத்து "சத்தியமாவது என்ன" என்று கேட்டபோது இயேசு ஏன் பதில் சொல்லவில்லை?

பதில்: அவர் பதிலுக்கு நிற்கவில்லை. கேட்டுவிட்டு வெளியே போய்விட்டார் (யோவான் 18:38). போய்ச் சொன்னது என்ன? "நான் அவனிடத்தில் ஒரு குற்றமும் காணேன்." 19:4-லும் 19:6-லும் அதையே சொல்கிறார். தம் முன் நிற்கிறவர் குற்றமற்றவர் என்ற உண்மை பிலாத்துவுக்கு மூன்று முறை சொல்லும் அளவுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும் ஒப்புக்கொடுத்தார். சத்தியத்தைப் பற்றிய சந்தேகம் எப்போதும் அறிவுக் குறைவால் வருவதில்லை. ஏற்றுக்கொண்டால் நிறைய இழக்க வேண்டிவரும் என்பதாலும் வருகிறது.

எபிரெயத்தில் சத்தியம் என்பதற்கு 'எமெத்' என்ற சொல். நாம் ஜெபத்தை முடிக்கும் 'ஆமென்' அதே வேரில் பிறந்தது. நிலைத்திருப்பது, சாய்ந்தால் தாங்குவது என்ற பொருள் அதில் உண்டு. ஆரோனும் ஊர் என்பவரும் தாங்கிப் பிடிக்க, சூரியன் அஸ்தமிக்கும்வரை மோசேயின் கைகள் நிலையாக இருந்தன என்று யாத்திராகமம் 17:12 சொல்லும் இடத்தில் வரும் சொல்லும் இந்த வேரைச் சேர்ந்ததே. "நானே சத்தியம்" என்று ஒருவர் சொன்னதை இந்தப் பின்னணியில் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: வாலிபர் கூட்டத்தில் ஒரு மணி நேரம் இதைப் பற்றிப் பேச வேண்டும். எப்படி நடத்தலாம்?

பதில்: ஆள் அதிகம் என்றால் ஆறு ஆறு பேராகப் பிரியுங்கள். முதல் 10 நிமிடம் விடைத்தாள் உதாரணத்தை மட்டும் பேசட்டும், வசனம் வேண்டாம். அடுத்த 20 நிமிடம், ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் சார்புவாதத்தின் பக்கம் நின்று தன்னால் முடிந்த அளவு வலுவாக வாதாடட்டும். இதை விட்டுவிடுகிற கூட்டங்கள்தான் வைக்கோல் பொம்மையை அடித்துவிட்டு வீட்டுக்குப் போகின்றன; மறுநாள் கல்லூரியில் உண்மையான ஆளைச் சந்திக்கும்போது வாயடைத்துப் போகிறார்கள். பிறகு 20 நிமிடம் நியாயாதிபதிகள் 19 முதல் 21 வரை. "அவனவன் தன் தன் பார்வைக்குச் சரிபோனபடி செய்துவந்தான்" என்று முடியும் அந்தப் பகுதியில் யார் பாதிக்கப்படுகிறார்கள் என்று ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். 19-ஆம் அதிகாரம் கொடூரமானது. சிறு பிள்ளைகள் இருந்தால் வேண்டாம். மீதி 10 நிமிடத்தில் 1 பேதுரு 3:15-ஐ வாசித்து, "சாந்தத்தோடும் வணக்கத்தோடும்" என்ற சொற்களில் நில்லுங்கள். இந்த வாரம் யாரிடம், எந்தக் கேள்வியை மட்டும் கேட்கப் போகிறோம் என்று ஒவ்வொருவரும் எழுதிக்கொண்டு போகட்டும். ஒரு கேள்வி போதும்.